ஜவ்வாது மலையில் சாமைக்குத் தம் போட்டவன் நான்

எட்டு வயதில் தோல் மண்டிக்கு உப்புத் தூவப் போனவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்று வாணியம்பாடியில் ஆறு தொட்டி உள்ள தோல் பதனிடும் கொட்டகை என் பெயரில் நிற்கிறது. அதில் நான்கு தொட்டியை நானே மண்வெட்டி பிடித்துத் தோண்டினேன். மண் சரியும், கிணறு நிற்காது என்று நாலு பேர் சொன்ன இடத்தில் கிணறு வெட்டினேன். பதினெட்டாவது அடியில் தண்ணீர். மங்களூர் ஓடு போட்டு வீடு கட்டினேன். அந்த வீட்டில் மூன்று வாய் அடுப்பு ஒன்று இருக்கிறது. புகை உள்ளே திரும்பும் என்றார் கொத்தனார். அவரை அனுப்பிவிட்டு நானே மண் குழைத்துக் கட்டினேன். பன்னிரண்டு வருடமாகப் புகை வெளியே போய்க்கொண்டிருக்கிறது, கொத்தனார் இன்னும் அந்தத் தெரு வழியாக வருவதில்லை. மூன்று பெண்களின் நிக்காவுக்கும் பிரியாணி என் கையால்தான். சமையல் பண்டாரி ஒருவரையும் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் ஜவ்வாது மலைக்குப் போய்வந்த கதையை எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

தோல்காரனுக்குக் கரண்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மூன்றாவது பிரசவத்தில் என் வீட்டுக்காரி நாலு மாதம் படுக்கையில் கிடந்தாள். நான் அடுப்படிக்குள் போனேன். முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் மீன் குழம்பில் மீனைத் தேட வேண்டியிருந்தது. "அப்துல் கரீமு முக்காடு போட்டுக்கினு குந்திட்டான்டா" என்று தெருவில் சிரித்தார்கள். நாலாவது மாதம் என் வீட்டுக்காரி ஒரு வாய் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒடம்பு தேவலையாயிடுச்சி, ஆனா நாளைக்கும் நீங்களே ஆக்குங்க" என்றாள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள்.

இனி மலைக்கு வருகிறேன். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். நல்ல கடுக்காய் ஜவ்வாது மலையில்தான். மேல்கொல்லை என்ற ஊரின் கவுண்டர் வெள்ளையன் எனக்கு வருடாவருடம் சேர்த்து வைப்பார். அறுபதாம் வருடம் தை மாதம் அவர் வீட்டில் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "கவுண்டரே, அடுத்த தைக்கு நான் வந்து உங்க ஊருக்கே பிரியாணி ஆக்கிப் போடறேன்" என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "கீழ்நாட்டுக்காரங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான் எறங்கறாங்க பாய். இத்தோட நீங்க நாலாவது ஆளு."

அந்த 'நாலாவது ஆளு' ஒரு வருடம் என் காதில் கொசுவைப் போல் ரீங்காரம் போட்டது.

மறு வருடம், தை, திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு வாணியம்பாடியில் ஆலங்காயம் பஸ். பதினொரு மைல், ஆளுக்கு ஐம்பது நயா பைசா. என்னோடு என் வீட்டுக்காரியின் தம்பி பாஷா. சாமான்: ஈயம் பூசிய பெரிய செம்புத் தேக்சா ஒன்று, ஒரு டின் நெய், மிளகாய், பூண்டு, பட்டை கிராம்பு, ஒரு மூட்டை சீரகச் சம்பா அரிசி. புறப்படும்போது என் வீட்டுக்காரி வாசல்வரை வந்து, "மலையில போயி மானத்த வாங்கிடாதீங்க. உப்பு எப்பவும் ஒரு கை தூக்கலாப் போடுவீங்க, பாத்து" என்றாள். நடத்துநர் தேக்சாவைப் பார்த்தார்.

"இதுக்கும் டிக்கெட் எடுங்க பாய். ரெண்டு ஆளு எடத்தப் புடிக்குது."

"இதுல ஆக்குனத நீ ஒருநாள் துன்னு பாரு. அப்புறம் டிக்கெட் நீ எனக்குக் குடுப்ப."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். தேக்சா டிக்கெட் இல்லாமலே மேலே ஏறியது.

எட்டு மணி, ஆலங்காயம். பொதிமாடு ஒன்றை இரண்டு ரூபாய்க்குப் பேசினேன். அரிசியும் மசாலாவும் மாட்டின் மேல். நெய் டின் பாஷா தோளில். தேக்சா என் தலையில். மாட்டின் மேல் கட்டலாமே என்றார் மாட்டுக்காரர். என் தேக்சாவை நான் யாரையும் நம்பி விடுவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அதைச் சுமந்துகொண்டு காவலூர் வரை ஏழு மைல் மலை ஏறினேன். வழியில் விறகு கொண்டு இறங்கிய பெண்கள், "மழை வருதா பாய், கொடை புடிச்சிக்கினு போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

காவலூரில் மதியம் தேநீர். அங்கிருந்து மேல்கொல்லை நாலு மைல். தையில் அந்த மலையில் வெயில் முதுகில் படும், காற்று முகத்தில் குத்தும். இரண்டு பக்கமும் சாமை அறுத்த கொல்லைகள். நிழல் பக்கத்துத் தாளில் பனி இன்னும் காயாமல் இருந்தது. மூன்று மணி சுமாருக்கு ஓர் ஓடை. முழங்கால் தண்ணீர்தான். மாடு நடு ஓடையில் நின்றது, யோசித்தது, உட்கார்ந்துவிட்டது. அரிசி மூட்டை தண்ணீருக்குள்.

"இன்னாய்யா இது?" என்று கத்தினேன்.

மாட்டுக்காரர் அவசரப்படவில்லை. "தண்ணியக் கண்டா அது குந்திக்கும்ங்க."

"அத ஆலங்காயத்துலயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலியே பாய்."

மூன்று பேரும் வாலைப் பிடித்துத் தள்ளி எழுப்ப அரைமணி நேரம் ஆயிற்று. நான் கலங்கவில்லை. அரிசி நனைந்தால் என்ன, எப்படியும் ஊறவைக்கத்தானே போகிறோம் என்று பாஷாவுக்குத் தைரியம் சொன்னேன். ஐந்து மணிக்கு மேல்கொல்லை. கவுண்டர் எழுந்து வந்து தேக்சாவைச் சுற்றிப் பார்த்தார். "வந்துட்டீங்களே!" என்றார். அக்கம்பக்கத்து இரண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்; மறுநாள் உச்சிக்கு அறுபது பேர் பந்தி.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. மூட்டையைப் பிரித்தேன். அரிசி மஞ்சளாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. என் கொட்டகைத் தொட்டியிலிருந்து எடுத்த தோலின் நிறத்தில் இருந்தது. நாலு அரிசியைக் கடித்தேன். நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. பச்சைக் கடுக்காய்த் துவர்ப்பு.

விஷயம் புரிந்துவிட்டது. அரிசி கட்டியது கொட்டகைக்குக் கடுக்காய்த் தூள் வரும் சாக்கு. உதறினால் சுத்தமாகத்தான் தெரியும். இழையெல்லாம் தூள். ராத்திரி முழுவதும் ஈரத்தில் அது அரிசிக்குள் இறங்கிவிட்டது. உலகத்தில் எவன் எவனோ அரிசியைக் கெடுத்திருப்பான். பதனிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாஷா எட்டிப் பார்த்தான். "மச்சான், இத ஆக்கக் கூடாது. இதுல செருப்பு தெக்கலாம்."

"சாக்கு எட்தது யாரு?" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"நீங்கதான் மச்சான். கொட்டாய்லேர்ந்து நீங்களே எட்தாந்து குடுத்தீங்க."

உண்மை. நான்தான் கொடுத்தேன். இதை மறைக்க மாட்டேன். ஏழு தண்ணீரில் கழுவினோம். கவுண்டர் வீட்டு இரும்புச் சட்டியில் ஒரு பிடி போட்டுக் கொதிக்க விட்டேன். கடுக்காய் இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்று தோல்காரனுக்குத் தெரியும், இருந்தாலும் ஆசை. பள்ளிக்கூடத்து மைபோல் கறுத்தது. மூட்டையைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்தேன்.

அரிசி வாங்க ஆலங்காயம் போய்வந்தால் மறுநாள். வாசலில் இரண்டு ஆடு கட்டியிருந்தது, இரண்டும் சேர்ந்து நாற்பத்திரண்டு ரூபாய், என் காசு. கவுண்டர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அந்த வெற்றிலையைப் பார்த்ததும் 'நாலாவது ஆளு' மறுபடியும் காதில் ஆரம்பித்தது.

"கவுண்டரே, உங்க வூட்ல சாமை இருக்குதா?" என்றேன்.

கவுண்டர் மனைவி குப்பம்மாள் உரலடியிலிருந்து நிமிர்ந்தார். எனக்கு ஒத்த வயது, பேச்சில் எனக்கு மேல். "சாமையில பிரியாணியா? சாமைக்கே சிரிப்பு வரும்" என்றார். ஆனாலும் அன்றைய சமையலுக்குக் குத்தி வைத்திருந்த மூன்று படியைக் கொடுத்தார். அந்த மலையில் சாமையைக் குத்தி நாள்கணக்கில் வைப்பதில்லை, வாடை வந்துவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் குத்துகிறார்கள்.

எட்டு மணி. எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரியும். அரிசியை அரைமணி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, வடித்துக் கறியில் சேர்த்துத் தம் போடுவோம். நான் சாமையையும் ஊறவைத்தேன்.

"இன்னா பாய், சாமையக் குளிப்பாட்டறீங்களா?" என்றார் குப்பம்மாள்.

"வாணியம்பாடி பழக்கம் தாயி. பேசாம பாருங்க."

பார்த்தார். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மசாலாவைப் பிரித்து வைத்துவிட்டு நான் திரும்பி வருவதற்குள் சாமை வெந்து, குழைந்து, கஞ்சியாகிவிட்டது. வடிக்கத் துணி கட்டினால் துணி வழியாகப் பாதி போயிற்று. மூன்று படி சாமையும் கூழ். பெண்கள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். குப்பம்மாள் மூடவில்லை; நேராகவே சிரித்தார். "புள்ளத்தாச்சிங்க யாராவது இருந்தா கூப்புடுங்கடி, பாய் கஞ்சி காய்ச்சி வச்சிக்கிறாரு!"

ஒன்பது மணி. வேறு ஒருவனாக இருந்தால் மலை இறங்கியிருப்பான். நான் அந்த அம்மாளின் முன்னால் போய் நின்றேன். "சிரிச்சது போதும். தண்ணிக் கணக்கு சொல்லுங்க" என்றேன். நான் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது என் வாழ்க்கையில் குறைவு. இது அதில் ஒன்று.

சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஊற வெக்காதீங்க. வெறும் சட்டியில ரெண்டு பெரட்டு பெரட்டுங்க. ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. தண்ணி கொதிச்சப்புறம் போடுங்க. வடிக்கிற வேலையே இல்ல."

அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் உலக்கை எடுத்தார்கள். எட்டுப் படி சாமை. ஒன்றரை மணி நேரம் அந்த ஊரில் வேறு சத்தமே இல்லை. அதற்குள் பாஷா பிஸ்மில்லா சொல்லி ஆடுகளை அறுத்து உரித்துவிட்டான். நான் மிளகாயை ஊறவைத்து அரைத்தேன். பூண்டு இஞ்சியை விட ஒரு மடங்கு கூட. தயிர் மலைத் தயிர், கத்தியால் வெட்ட வேண்டும். கறி பாதி வெந்ததும் வாசனை ஓடையைத் தாண்டிப் போயிற்று. இரண்டு நாய்கள் அங்கிருந்து வந்தன.

பதினொரு மணி. இங்கேதான் என் பங்கு வருகிறது, கவனமாகப் படியுங்கள். ஒன்றுக்கு இரண்டு என்றால் எட்டுப் படி சாமைக்குப் பதினாறு படித் தண்ணீர். குப்பம்மாள் பானையில் மொண்டு தயாராக வைத்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுக்காத குறை.

"நில்லுங்க தாயி. கறியில இருக்கறது இன்னா? தயிரு, தக்காளி, கறி வுட்ட தண்ணி. அதுவும் தண்ணிதான்."

"கொழம்ப யாராவது அளப்பாங்களா?"

"நான் அளக்கறேன்."

குழம்பைப் படியால் மொண்டு மொண்டு அளந்தேன். நாலு படி. பதினாறில் நாலு போனால் பன்னிரண்டு. அதிலும் ஒரு படி குறைத்து, பதினொன்றைக் குழம்பில் ஊற்றினேன். என் தொட்டியில் முப்பது வருடமாக நான் பார்த்தது இது: மூடி வைத்ததற்குள் போன ஈரம் வெளியே போகாது, திரும்பத் திரும்ப அதன்மேலேயே விழும். தம் போட்டால் ஒரு படித் தண்ணீரைத் தம்மே கொடுக்கும். குப்பம்மாள் தலையில் கைவைத்தார். "வேகாது பாய். பல்லு ஒடையும். அறுவது பேரு பல்லு." சாமையை நெய்யில் பிரட்டி, கொதிக்கும் குழம்பில் கொட்டினேன். உப்புப் போட்ட கையை நடுவில் நிறுத்தி, ஒரு கை திரும்ப எடுத்தேன். என் வீட்டுக்காரி சொன்னது நினைவு வந்தது. மூடியை ஒட்ட கோதுமை மாவு இல்லை. கேழ்வரகு மாவைப் பிசைந்து தேக்சா வாயைச் சுற்றி அப்பினேன். கீழே தணலை இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளிக் கொட்டினேன். அந்த மலையில் சோற்றுக்கு மேலே நெருப்பு வைத்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

இலை போட்டாயிற்று. அறுபது பேரும் உட்கார்ந்தாயிற்று. அப்போது மலைப்பாதையில் காட்டிலாகா ரேஞ்சர் வந்தார், கூட ஒரு கார்டு. மலையில் ரேஞ்சர் என்றால் பெரிய மனிதர். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கவுண்டர் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

"நல்ல வாசனை வருதே. சீக்கிரம் தெறங்க, எனக்கு ஜமுனாமரத்தூர் போகணும்" என்றார் ரேஞ்சர்.

கவுண்டர் என்னைப் பார்த்தார். திறந்துவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். தம் போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. திறந்தால் ஆவி போகும், நான் குறைத்த ஒரு படித் தண்ணீர் போகும், குப்பம்மாள் சொன்னபடி அறுபது பேர் பல்லும் போகும்.

"இன்னும் கால்மணி நேரம் ஆவுங்க ஐயா" என்றேன்.

"எனக்கு நேரமில்ல."

"நேரமில்லன்னா சாமைக் கூழு இருக்குதுங்க. காலைல நான் காய்ச்சினது. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

பாஷா என் சட்டையைப் பின்னால் இழுத்தான். ரேஞ்சர் என்னையும் தேக்சாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கார் காத்திருந்தது, என் தம்முக்காக.

கால்மணி கழித்து மாவைத் தட்டி மூடியைத் தூக்கினேன். ஆவி போனபின் பார்த்தால், சாமை ஒன்றோடொன்று ஒட்டாமல் மணல் மாதிரி நின்றது. ஒவ்வொரு மணியிலும் நெய் மின்னியது. குப்பம்மாள் இரண்டு விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார், வாயில் போட்டார், கண்ணை மூடினார். "வெந்துட்டுக்கீது" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ரேஞ்சர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டே, "கவுண்டரே, இது யார் பிரியாணி?" என்று கேட்டார். இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. நம் பக்கத்தில் பெரிய மனிதர் வந்து, இது யார் பிள்ளை என்று கேட்டால், உங்க வூட்டுப் பிள்ளைதாங்க என்போம். யார் நிலம் என்றால், உங்களுதுதாங்க என்போம். அது மரியாதை. கவுண்டரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்:

"உங்க பிரியாணிதாங்க ஐயா."

அறுபது பேர் கேட்டார்கள். நான் கரண்டியோடு மூன்றடி தூரத்தில் நின்றேன். விருந்தாளி முன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவை.

புதன்கிழமை காலை இறங்கினோம். கவுண்டர் ஓடைவரை வந்தார். "நாலாவது ஆளு வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். கடுக்காய் மூட்டை ஏற்றிய மாடு இறங்கும்போது உட்காரவில்லை. என் வீட்டில் மூன்று வாய் அடுப்பு, ஈயம் பூசிய பாத்திரம் பதினாலு, கைக்கெட்டிய தூரத்தில் சம்பா அரிசி. மேல்கொல்லையில் மூன்று கல், ஒரு உரல். ஆனாலும் என் கையால் ஆனதில் அன்றைக்கு ஆனதுபோல் இன்னொன்று ஆகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமையிலும் போடுகிறேன். வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. மலைத் தண்ணீர் இல்லை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆறு வருடம் கழித்து, போன மாதம், வேலூரிலிருந்து ஆரணி போகும் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. எதிரே ஓட்டலில் சாக்கட்டியால் எழுதிய பலகை: 'இன்று ரேஞ்சர் பிரியாணி.' இறங்கிப் போய்க் கேட்டேன்.

"இன்னாப்பா அது ரேஞ்சர் பிரியாணி?"

"மலைப் பிரியாணி பாய். சாமையில செய்யறது. ஜவ்வாது மலையில ஒரு ரேஞ்சர் கண்டுபுடிச்சாராம். படவேடு, கலசப்பாக்கம் எல்லாம் இந்தப் பேருதான்."

"கண்டுபுடிச்சது நான்டா!"

"சரி பாய், குந்துங்க. மொதல்ல சாப்ட்டுப் பாருங்க."

சாப்பிட்டேன். குழம்பை அளக்கவில்லை. சாமை குழைந்திருந்தது. மூடிமேல் தணல் வைக்கவில்லை. சொன்னேன். கடைக்காரர், "ரேஞ்சரு முறை இதான் பாய்" என்றார். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அவருக்குக் குழம்பை எப்படி அளப்பது என்று காட்டிவிட்டு வந்தேன். பலகையை மாற்றினாரா என்று தெரியாது.

ஆகையால் இதைப் படிக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், பலகை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், மேல்கொல்லை குப்பம்மாளுடையது. அந்த அம்மாள் பெயரை விடாதீர்கள். குழம்பை அளந்ததும், ஒரு படி குறைத்ததும், கேழ்வரகு மாவால் வாய் அடைத்ததும், மேலே நெருப்பு வைத்ததும் வாணியம்பாடி அப்துல் கரீம். இந்த இரண்டு பெயரையும் பலகையில் பெரிய எழுத்தில் போடுங்கள். ரேஞ்சர் காத்திருந்து சாப்பிட்டார். அதையும் வேண்டுமானால் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.